முதலில் கட்டினால் திரும்பி வராது

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. என் கணவருக்கு (வயது 44) ஐடி வேலை போய்விட்டது. சைபர் செக்யூரிட்டி படிக்க நினைக்கிறார். ஒரு தனியார் பயிற்சி நிலையம், "11,000 டாலரை இப்போது கட்டுங்கள், பிறகு அரசு திருப்பித் தரும், இந்த வாரமே சேர்ந்தால்தான் இடம்" என்கிறது. கம்யூனிட்டி காலேஜிலும் இதே படிப்பு இருக்கிறது. அரசுப் பணம் உண்மையிலேயே கிடைக்குமா?

பதில்: கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்களாகச் சேர்ந்து கட்டிய பணத்தை அரசு திருப்பித் தரும் என்று நம்பி ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

வேலை இழந்தவர்களின் பயிற்சிக்கு டபிள்யூஐஓஏ என்ற 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கூட்டாட்சிப் பணம் வருகிறது. அதை உங்கள் பகுதி ஒன் ஸ்டாப் கரியர் சென்டர் (அரசின் வேலைவாய்ப்பு உதவி மையம்) கையாள்கிறது. பணம் உங்கள் கைக்கு வராது. நேராகப் பயிற்சி தரும் இடத்துக்குப் போகும். அந்த சென்டரின் ஆலோசகர் கையெழுத்திட்ட பிறகு தொடங்கும் படிப்புக்குத்தான் அந்தப் பணம். முன்பே சேர்ந்து கட்டியிருந்தால், "இவருக்கு உதவி தேவைப்படவில்லை" என்று விண்ணப்பத்தை மூடிவிடக்கூடும். "இந்த வாரமே" என்று அவசரப்படுத்துபவருக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொரு தந்திரம், "எங்கள் நிறுவனம் அரசு அங்கீகாரம் பெற்றது" என்பது. அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டியது நிறுவனம் மட்டுமல்ல, படிப்பும்கூட. ஒரே காலேஜில் ஒரு படிப்பு பட்டியலில் இருக்கும், பக்கத்து வகுப்பில் நடக்கும் படிப்பு இருக்காது. மாநிலத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படிப்பின் முழுப் பெயரும் கட்டணமும் அப்படியே பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பொருந்தினாலும், தலைக்கு இவ்வளவுதான் என்று, இந்தப் பணத்தை உங்கள் பகுதியில் மேற்பார்வையிடும் உள்ளூர் வாரியம் உச்சவரம்பு வைத்திருக்கும். 11,000 டாலர் படிப்பென்றால் மிச்சம் உங்கள் தலையில்தான் விழும். கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் பெரும்பாலும் அந்த வரம்பை ஒட்டியே இருக்கும்.

சென்டருக்குப் போகும்போது வேலைநீக்கக் கடிதம், வேலையின்மை உதவித்தொகை விவரம், கிரீன் கார்டு ஆகியவற்றைக் கொண்டு போகட்டும். "டிஸ்லொகேட்டட் வொர்க்கர்" (வேலைநீக்கம் செய்யப்பட்டவர்) பிரிவில் பதியச் சொல்லுங்கள். அதற்கு வருமான வரம்பு இல்லை, உங்கள் சம்பளம் தடையாகாது. பொதுப் பிரிவில் போட்டுவிட்டால் குறைந்த வருமானக்காரர்களுக்கே முன்னுரிமை.

இனி, நம்மவர்களில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்த ஆண்கள், செலக்டிவ் சர்வீஸில் (18 முதல் 25 வயது வரையிலான ஆண்களைக் கட்டாய ராணுவச் சேவைக்காகப் பதிந்துவைக்கும் அரசு அமைப்பு) பதிய வேண்டியவர்களாக இருந்திருந்தால், இந்தப் பணம் பெற, பதிந்ததைக் காட்டியாக வேண்டும். 26 வயதான பிறகு அமெரிக்கா வந்தவருக்கு இது பொருந்தாது. வந்த தேதியைக் காட்டினால் போதும். 23 வயதில் மாணவர் விசாவில் வந்து, 26 வயது நிறையும்வரை விசா அந்தஸ்து இடையறாமல் செல்லுபடியாக இருந்து, கிரீன் கார்டு அதற்குப் பிறகு கிடைத்தவரும் பதியத் தேவையில்லை. ஆனால் மேசையில் இருப்பவர் "23 வயதில் வந்தீர்கள், பதியவில்லை" என்று மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். விசா அந்தஸ்தைக் காட்டும் பழைய ஐ-20, ஐ-797, ஐ-94 படிவங்களின் நகல்களை வயதுவாரியாக அடுக்கிக் காட்டுங்கள். கேட்டால், பதியத் தேவையிருந்ததா என்பதைச் சொல்லும் நிலைக் கடிதத்தை செலக்டிவ் சர்வீஸிடமிருந்தே வாங்கலாம். 25 வயதில் கிரீன் கார்டு வாங்கியவர் கட்டாயம் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால், வேண்டுமென்றே செய்யவில்லை என்று எழுத்தில் விளக்க வேண்டியிருக்கும். இருபது ஆண்டுக்கு முந்தைய காகிதத்தை வேலை இழந்தவரிடம் கேட்கும் முறை இது, என்ன சொல்ல!

கல்லூரிப் படிப்புக்குக் கூட்டாட்சி அரசு தரும் உதவித்தொகையான பெல் கிராண்டை நம்பாதீர்கள். இந்தியாவில் வாங்கிய பி.இ.யும் பட்டமே, பட்டதாரிக்கு வழக்கமான பெல் கிடையாது. 2026 ஜூலை 1 முதல் 15 வாரத்துக்குட்பட்ட பயிற்சிகளுக்கு வரும் புதிய பெல்லுக்கும் அந்தப் படிப்பை மாநில ஆளுநர் ஏற்றிருக்க வேண்டும். அதற்குரிய ஃபாஃப்சா என்ற அரசு மாணவர் உதவி விண்ணப்பம் இலவசம். நிரப்பித் தருகிறேன் என்று நூறு டாலர் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

நியூஜெர்சியில் அரசுக் கல்லூரிகளில் வேலையில்லாதவர்களுக்குக் கட்டண விலக்கும் உண்டு. இடம் மிஞ்சினால் மட்டும்தான். பாடநூலும் இதரக் கட்டணங்களும் உங்கள் செலவு. காலேஜில் கேட்டாலொழிய யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் போனால் "பணம் தீர்ந்துவிட்டது" என்ற பதில் வரலாம். அப்போது ஜூலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். வகுப்பு தொடங்குமுன் அந்தப் பயிற்சிக்கு வேலையின்மை அலுவலகத்தின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒப்புதல் பெற்ற பயிற்சியில் இருப்பவரின் உதவித்தொகையை, வேலை தேடவில்லை என்று நிறுத்த முடியாது. ஒப்புதல் இல்லையென்றால் நிறுத்திவிடக்கூடும்.