முகத்துணி பாதரசத்தைத் தடுக்காது

கேள்வி: ஆறு பேர் சேர்ந்து சிறு குழியில் தங்கம் எடுக்கிறோம். பாதரசத்தில் திரட்டிய உருண்டையை வீட்டு அடுப்பில் காய்ச்சுகிறோம். முகத்தில் ஈரத்துணி கட்டினால் போதுமா? மூடிய வாலையில் (பாதரச ஆவியைக் குழாய் வழியே குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கும் கலம்) காய்ச்சினால் தங்கம் கறுத்து எடை குறையும் என்கிறார் பாதரசம் கொடுக்கும் தரகர். உண்மையா?

பதில்: போதாது. ஈரத்துணியும் தூசு முகமூடியும் தூசியைத்தான் நிறுத்தும். பாதரச ஆவி நேரே உள்ளே போகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் இழுத்ததில் ஏறத்தாழ 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். நன்றாகப் பிழிந்த உருண்டையிலும் கிட்டத்தட்டப் பாதி பாதரசம்தான். 10 கிராம் உருண்டையைத் திறந்த சட்டியில் காய்ச்சினால் 4, 5 கிராம் வீட்டுக்குள் பரவும். சுவரிலும் கூரையிலும் படிந்து பிறகு நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் காய்ச்சுவதை இன்றே நிறுத்துங்கள்.

வாலையை வெட்டவெளியில் வையுங்கள். கலமும் குழாயும் இரும்பாகவோ உருக்காகவோ இருக்கட்டும். துத்தநாகம் பூசிய குழாய், செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகாது. கலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடி விளிம்பில் ஈரக் களிமண் பூசுங்கள். குழாய் கீழ்நோக்கிச் சரிய வேண்டும், அதன்மேல் ஈரத்துணி சுற்ற வேண்டும். குழாயின் நுனி தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கட்டும். தண்ணீருக்குள் அமிழ்த்தினால், சூடு தணியும்போது கலம் தண்ணீரை உறிஞ்சி, நீராவி அழுத்தத்தில் வெடித்துவிடும். சொட்டு நின்ற பிறகும் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். முழுக்க ஆறாமல் மூடியைத் திறக்கவே கூடாது. பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில், தங்கம் உருகுவது 1,064-ல். ஆகவே தங்கம் ஆவியாகி எடை குறையும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கறுப்பது மட்டும் உண்மை. இரும்புக் கலத்தில் தங்கம் பழுப்பேறி வரும். அது மேலே படிந்த கறைதான். வெண்காரம் (போராக்ஸ்) தூவி மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், உருக்கினால் மஞ்சள் நிறம் திரும்பும். (அந்தத் தங்கத்திலும் 2 முதல் 5 சதவீதம் பாதரசம் மிஞ்சியிருக்கும், உருக்குவதும் வெளியில்தான்.) கறையைக் காட்டி விலையைக் குறைப்பது தரகர்களின் பழைய வித்தை. அவர் பாதரசத்தைக் கடனாகத் தருவதே உங்கள் தங்கம் அவரிடமே வர வேண்டும் என்பதற்காக. நல்ல வாலையில் 90 சதவீதத்துக்கு மேல் பாதரசம் திரும்பக் கிடைக்கும். பிறகு அவரிடம் எதற்குக் கடன்? விற்குமுன் உருக்கி, உங்கள் தராசிலேயே எடை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதரசமே வேண்டாத வழி ஒன்றும் உண்டு. அலசி, காந்தத்தால் கருமணலை நீக்கிய பின் கைப்பிடியளவே மிஞ்சி, அதில் தங்கம் கண்ணுக்குத் தெரிகிறதா? குறைந்தது அதே எடை வெண்காரம் சேர்த்து நேரடியாக உருக்கலாம். கைப்பிடியளவு என்றால் கைப்பிடியளவுதான். வாளிக்கணக்கில் மணல் இருந்தால் மூசையும் கரியும் வீண். மறுபடி அலசிக் குறைத்த பிறகே இந்த வழி பலிக்கும். தங்கம் கல்லுக்குள் பூட்டிக் கிடந்தால் முதலில் நன்றாக அரைக்க வேண்டும்.

2017 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை (பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்), வாலையில்லாமல் திறந்தபடி காய்ச்சுவதையும் குடியிருப்புக்குள் காய்ச்சுவதையும் ஒழிக்கச் சொல்கிறது. நல்லதே. ஆனால் திட்டம் எழுதும் அலுவலகங்கள் வாலையைத் தோண்டுபவர் கையில் கொடுப்பதில்லை. உரிம விண்ணப்பமோ பெரிய நிறுவனத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் “என் உரிமத்தில் தோண்டுங்கள்” என்று ஆள் வருகிறார். உரிமத்தில் உங்கள் குழி இருக்கும் இடம், கனிமத்தின் பெயர், காலாவதி நாள் மூன்றையும் பார்க்காமல் பணம் தராதீர்கள். பாதரசம் கலந்த கழிவு மண்ணை, சயனைடில் ஊறவைத்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் தொட்டிக்காரருக்கு விற்காதீர்கள். பாதரசமும் சயனைடும் சேர்ந்தால் விஷம் தண்ணீரில் வெகுதூரம் போகும்.

கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, மறதி யாருக்காவது இருந்தால் சிறுநீரில் பாதரச அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.