நூறு ராக் ஆட்டத்தில் ஜாம்பவான்கள் ஏன் தடுமாறுகிறார்கள்?

கேள்வி: நாங்கள் நால்வர், வேளச்சேரியில் ஒரு பார்லரில் தினமும் பூல் ஆடுகிறவர்கள். உலக அளவில் முன்னணியில் இருக்கும் இருவர் மோதிய ‘ரேஸ் டு 100’ (முதலில் 100 ராக், அதாவது 100 தனி ஆட்டம், ஜெயிப்பவருக்கு வெற்றி) நைன் பால் (1 முதல் 9 வரை பந்துகளை எண் வரிசையில் ஆடி, 9ஐப் போட்டு ஜெயிக்கும் பூல் வகை) சவால் ஆட்டத்தின் பதிவை மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தோம். பெரிய ஏமாற்றம். நேர் பந்தை விடுகிறார்கள், பிரேக்கிலேயே (அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடி) வெள்ளைப் பந்தைப் பாக்கெட்டில் போடுகிறார்கள், அதில் ஒருவர் தொடர்ந்து ஏழு ராக் தோற்றார். ‘பேசி வைத்து ஆடுகிறார்கள்’ என்று சாதிக்கிறான் நண்பன். அப்படியும் இருக்குமா? எங்களில் இருவர் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணிக்குத் தொடங்கி ‘ரேஸ் டு 50’ ஆடுவதாக இருக்கிறோம். தோற்றவர் டேபிள் வாடகை கட்ட வேண்டும் என்பது பேச்சு. எப்படித் தயாராவது?
— வாசகர், வேளச்சேரி

பதில்: நண்பரின் சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஏழு ராக் தொடர் தோல்வி எதற்கும் சாட்சி ஆகாது. சரிசமமான இருவர் 200 ராக் வரை ஆடினால், இருவரில் யாராவது ஒருவர் எங்காவது தொடர்ந்து ஏழு ராக் இழப்பதற்கு நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இதே கணக்குதான். சரிசமமானவர்கள் 100 ராக் முடிக்கும்போது ஒருவர் பத்து ராக் முன்னால் நிற்பதும் சாதாரணம். 1996இல் ஹாங்காங்கில் எஃப்ரன் ரெய்ஸும் ஏர்ல் ஸ்டிரிக்லண்டும் மூன்று நாள் ஆடிய ‘ரேஸ் டு 120’ ஆட்டத்தில், ஒரு கட்டத்தில் 17 ராக் பின்தங்கியிருந்த ரெய்ஸ் கடைசியில் 120–117 என்று ஜெயித்தார். மொத்தம் 237 ராக். அவற்றில் மோசமான இருபதை மட்டும் வெட்டிக் காட்டினால், இவர்களா உலகச் சாம்பியன்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஸ்னூக்கர் பார்த்தவர்களுக்கு 1985 உலக இறுதிப் போட்டி நினைவிருக்கும். ஸ்டீவ் டேவிஸ் 8–0 என்று முன்னணியில் இருந்தார். கடைசியான 35ஆவது ஃபிரேம் (ஸ்னூக்கரில் ஒரு தனி ஆட்டம்) மட்டும் 68 நிமிடம் இழுத்தது. கடைசிக் கறுப்புப் பந்து இருவரிடமும் மாறி மாறித் தப்பி, முடிவில் டெனிஸ் டெய்லர் அதைப் போட்டு 18–17 என்று ஜெயித்தார். அந்தக் கறுப்பை விட்டதால் டேவிஸின் ஆட்டத்தை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

ஆனால் ஆட்டம் இறங்கியதாக உங்கள் கண்ணில் பட்டது பொய்யல்ல. உண்மையிலேயே இறங்குகிறது. ஒரு பந்தைப் போடுவதில் 98 சதவீதம் உறுதி உள்ளவர், 9 பந்தையும் விடாமல் போட்டு முடிக்கும் வாய்ப்பு சுமார் 83 சதவீதம். அந்த 98 என்பது 97 ஆனால் 76. 96 ஆனால் 69. பந்துக்கு இரண்டே சதவீதம் குறைந்ததும் ஏழு ராக்குக்கு ஒன்று கையைவிட்டுப் போகிறது. அந்த இரண்டு சதவீதம் ஸ்டிரோக்கில் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கோர் பலகையில்தான் தெரியும். ‘ரேஸ் டு 9’ போட்டியில் அது வெளிவருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நூறு ராக்கில் ஒளிய இடமில்லை.

சரி, எது இறங்குகிறது? குறி என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் முதலில் போவது வெள்ளைப் பந்து போய் நிற்கும் இடம். நேர் பந்தை விட்டார்கள் என்கிறீர்களே, பதிவை இரண்டு பந்து பின்னுக்கு ஓட்டிப் பாருங்கள். 6ஐப் போட்ட அடியில் வெள்ளை நான்கு விரல் கூடுதலாக உருண்டிருக்கும். அதனால் 7க்குக் கிடைக்க வேண்டிய கோணம் போய், நேர்க்கோடு ஆகியிருக்கும். 8 டேபிளின் மறுகோடியில். கோணம் இருந்திருந்தால் மெல்லத் தட்டி, வெள்ளையைக் குஷனில் (டேபிளின் ரப்பர் விளிம்பு) விட்டு அங்கே அனுப்பியிருக்கலாம். இப்போது வெள்ளையைப் பின்னோக்கிச் சுழலும்படி அடித்து இழுத்துக்கொண்டுவர வேண்டும். வேகம் கூடுகிறது, பிடி இறுகுகிறது, பின்கை ஒரு நூல் விலகுகிறது. 7 பாக்கெட் வாயில் ஆடிவிட்டு நிற்கிறது. எல்லாரும் 7ஐத்தான் தவறு என்று எழுதுவார்கள். தவறு நடந்தது 6இல்.

அந்த நான்கு விரல் ஏன் வந்தது என்பதில்தான் நம் ஊருக்கான பாடம் இருக்கிறது. துணியின் வேகம் நாள் முழுக்க ஒன்றாக இருக்காது. ஈரக்காற்றில் துணி கனத்து மெதுவாகும், குஷனும் வேறு மாதிரி திருப்பும். ஏசி ஓடி அறை காயக் காய வேகம் கூடும். காலை 10 மணிக்குக் கதவைத் திறந்து அப்போதுதான் ஏசி போட்டால், முதல் இரண்டு மணி நேரம் நீங்கள் மாறிக்கொண்டே இருக்கும் டேபிளில் ஆடுகிறீர்கள். கை ஒரு வேகத்துக்குப் பழகும்போது துணி அடுத்த வேகத்துக்குப் போயிருக்கும். அடைமழைக் காலத்தில் இது இன்னும் கடுமை. பார்லர்காரரிடம் சொல்லி, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏசியை 24இல் வைத்து ஓடவிடுங்கள். நடுவில் மாற்ற வேண்டாம், கதவைத் திறந்து போடவும் வேண்டாம். மணிக்கு ஒரு தடவை வேகம் பாருங்கள்: வெள்ளையைத் தலைக்கோட்டில் (பிரேக் அடிக்கும் பக்கம் டேபிளின் குறுக்கே உள்ள கோடு) வைத்து, எதிர்க் குஷனில் பட்டு உங்கள் பக்கக் குஷன் அருகே திரும்பி நிற்கும்படி தட்டுங்கள். அதே அடிக்கு வெள்ளை எங்கே நிற்கிறது என்பது மாறினால், துணி மாறிவிட்டது.

அடுத்தது பந்தின் அழுக்கு. க்யூ முனையில் தேய்க்கும் சாக்கின் தூசியும் கைவியர்வையும் படியப் படிய, இரண்டு பந்தும் மோதும் கணத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மெல்லிய வெட்டில் (பந்தின் ஓரத்தை மட்டும் தொடும் அடி) அடித்த பந்து எதிர்பார்த்ததைவிடத் தடித்து, அதாவது கோணம் குறைந்து, போகும். ஆடுபவர் தன் குறி தப்பியதாக நினைத்து அடுத்த பந்தில் மேலும் மெல்லியதாக எடுப்பார், அது மறுபக்கம் தப்பும். அங்கிருந்து நம்பிக்கையே ஆட்டம் காணும். பத்து ராக்குக்கு ஒரு முறை எல்லாப் பந்தையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். முந்தின நாள் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கழுவி உலர்த்தினால் போதும். மெழுகு, சிலிக்கான் பாலிஷ் எதுவும் தொடக்கூடாது. கைக்கு முகப்பவுடர் போடுகிற வழக்கத்தையும் அன்று விட்டுவிடுங்கள், அது முழுக்கத் துணியிலும் பந்திலும்தான் போய்ச் சேரும். கையுறை போடுங்கள், அல்லது க்யூ தண்டை லேசாக ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் தேயுங்கள்.

பாக்கெட்டின் அளவையும் பாருங்கள். பந்தின் விட்டம் 2¼ அங்குலம். பாக்கெட் வாய் 4½ அங்குலம் என்றால் பந்தின் இரு பக்கமும் 1⅛ அங்குலம் இடம் இருக்கிறது. சவால் ஆட்டங்களுக்குப் பல சமயம் 4¼, சிலவற்றில் 4 அங்குலம் வரை இறுக்கிவிடுகிறார்கள். 4 அங்குலத்தில் பக்கத்துக்கு ⅞ அங்குலம்தான் மிச்சம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதே ஆட்டக்காரர், அதே அடி, ஆனால் உங்கள் பார்லர் டேபிளில் விழும் பந்து அங்கே விழாது. பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுவதுதான் பாதி ஏமாற்றத்துக்குக் காரணம்.

பிரேக் தனிக் கதை. ஒரே இடத்திலிருந்து நூறு தடவை பிரேக் அடித்தால் வெள்ளை வைக்கும் இடத்திலும் ராக்கின் (அடுக்கி வைத்த பந்துகளின்) உச்சியிலும் துணியில் தழும்பு விழும். பந்துகளுக்கிடையே மயிரிழை இடைவெளி வந்துவிடும். ராக் இறுக்கமாக இருந்தால் ஓரப்பந்து மூலைப் பாக்கெட்டுக்கு ஓடும். இடைவெளி வந்துவிட்டால் அந்த வழக்கம் நின்றுபோகும். அப்போது ஆடுபவர் செய்கிற முதல் தவறு, இன்னும் ஓங்கி அடிப்பது. வெள்ளை எகிறும், அல்லது நேராகப் பாக்கெட்டுக்குள் போகும். நீங்கள் பார்த்தது இதைத்தான். முழு பலத்தில் எண்பது சதவீதம் போதும். வெள்ளை டேபிளின் நடுவில் நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். மூன்று பிரேக்கில் ஒரு பந்தும் விழவில்லை என்றால் வெள்ளையை ஒரு பந்து அகலம் இடமோ வலமோ தள்ளி வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டில் ராக் வையுங்கள், கையால் அழுத்தி வைப்பதைவிட அது ஒரே சீராக இருக்கும்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமை. அது நடக்காது. ‘ரேஸ் டு 50’ என்பது கிட்டத்தட்ட 90 ராக். உங்கள் நிலையில் ஒரு ராக்குக்கு 8 நிமிடம் என்றாலே 12 மணி நேரம், அதுவும் சாப்பாடு இல்லாமல். இரவு 9 மணிக்கு ஆடுவது பூல் அல்ல, தூக்கத்தோடு மல்லுக்கட்டு. மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் யாராவது ஒருவர் 17 தொட்டதும் நிறுத்துங்கள், இரண்டாம் நாள் 34இல், மூன்றாம் நாள் 50. நாளுக்கு நான்கு மணி நேரம் ஆகும். பத்து ராக்குக்கு ஒரு முறை பத்து நிமிடம் எழுந்து நடங்கள். மதியம் பிரியாணியைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர்சாதமோ போதும். நடுவில் உப்புப் போட்ட மோர், ஒரு வாழைப்பழம். காபி இரண்டோடு நிறுத்துங்கள், மூன்றாவது கை நடுக்கத்தைத் தரும்.

ஜெயித்தவரே பிரேக் என்ற விதியை விட்டு, மாறி மாறி பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. ஜெயித்தவர் பிரேக்கில் ஒருவர் நாற்காலியில் அரை மணி நேரம் குளிர்ந்துபோய் உட்கார்ந்து, எழுந்து வந்து கடினமான ஒரே பந்தை அடிக்க வேண்டியிருக்கும். உலகத் தரத்தவர்களையே சாய்ப்பது அந்த நாற்காலிதான். எப்படியும் உட்கார வேண்டி வரும். எதிராளி 7ஆம் பந்துக்கு வந்ததும் எழுந்து நின்று, கையைத் துடைத்து, வெறும் காற்றில் நாலு ஸ்டிரோக் போட்டுத் தயாராக இருங்கள்.

ஆடாத இரு நண்பர்களில் ஒருவர் ராக் வைக்கட்டும். மற்றவர் மார்க்கராக உட்கார்ந்து, தாளில் இரண்டே கணக்கு எழுதட்டும்: போட்ட பந்துகள், செய்த பிழைகள். பந்தை விட்டது, வெள்ளையைத் தப்பான இடத்தில் நிறுத்தியது, சேஃப்டி (எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி ஆடும் தற்காப்பு அடி) திறந்துபோனது, பிரேக்கில் வெள்ளை விழுந்தது, எல்லாம் பிழைதான். போட்ட பந்தை, போட்ட பந்து கூட்டல் பிழையால் வகுங்கள். 90 பந்து, 10 பிழை என்றால் .900, உலகத் தரத்தவர்களே இதைத் தாண்டினால் நன்றாக ஆடினார்கள் என்கிறோம். உங்கள் முதல் பத்து ராக் எண்ணையும் கடைசிப் பத்து ராக் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வகைப் பிழை கூடியிருக்கிறதோ அதற்குத்தான் அடுத்த மாதப் பயிற்சி.

வாடகை விஷயத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். அன்றன்றைய தொகையை இருவரும் பாதிப் பாதியாகக் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் முடிவில் தோற்றவர் மற்றவரின் பங்கைத் திருப்பித் தரட்டும். ஏறிக்கொண்டே போகும் பில் ஒருவர் தலைமேல் நின்றால், பின்தங்கியவர் அவசரப்பட ஆரம்பிப்பார், சேஃப்டி ஆட வேண்டிய இடத்தில் பந்தைத் துரத்துவார்.