முத்திரை இல்லாத வளையம் எந்தத் துப்பாக்கியுடையது?

கேள்வி: பழைய ராணுவத் துப்பாக்கி உதிரிகள் ஒரு டப்பா நிறையக் கிடைத்தன. குழலை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வளையம், பித்தளை விசைக்காப்பு (விசையைச் சுற்றி இருக்கும் வளைவு), சில திருகாணிகள். எதிலும் எண்ணோ முத்திரையோ இல்லை. பாலிஷ் போட்டால் ஏதாவது தெரியுமா?

பதில்: பாலிஷ் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்! இருக்கிற கொஞ்சநஞ்சத் தடயமும் அதில் போய்விடும். எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள், அப்புறம் மரத்தோடு ஒட்டியிருந்த உள்பக்கத்தில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அரத்தால் போட்ட கோடுகள், ரோமன் எண் மாதிரியான வெட்டுகள் தெரிந்தால் அது தேய்மானம் இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் கையால் இழைத்துப் பொருத்திய காலத்தில், எது எந்தத் துப்பாக்கிக்கு என்று தொழிலாளி போட்டுவைத்த அடையாளமாக இருக்கலாம்.

வளையத்தின் அடியில் இறுக்கும் திருகாணி இருக்கிறதா? இருந்தால் முதலில் பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 மாதிரி என்ஃபீல்டை நினைக்கலாம். அமெரிக்காவின் 1861 ஸ்பிரிங்ஃபீல்டில் வளையம் வெட்டில்லாமல் முழுசாக இருக்கும், மரத்தில் பதித்த தட்டை ஸ்பிரிங்தான் அதை நகராமல் பிடிக்கும். ஆனால் 1863 மாதிரியில் ஸ்பிரிங்ஃபீல்டும் திருகாணி வளையத்துக்கு மாறி, சீக்கிரமே பழைய ஸ்பிரிங்குக்குத் திரும்பிவிட்டது, அதனால் வளையத்தை மட்டும் நம்பாதீர்கள்.

உங்களிடம் பித்தளைக் காப்பும் இருக்கிறதே, அது நல்ல துப்பு. அந்த ஸ்பிரிங்ஃபீல்டுகளில் காப்பு இரும்பு, என்ஃபீல்டில் பித்தளை. இரண்டும் ஒரே துப்பாக்கியில் இருந்து வந்தவை என்றால் (டப்பாவில் சேர்ந்து கிடந்ததால் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது) என்ஃபீல்டு பக்கம்தான் சாய்வேன். அதிலும் ஒரு சிக்கல்: 1866 முதல் பழைய என்ஃபீல்டுகளைப் பின்புறம் தோட்டா போடும் ஸ்னைடர்களாக மாற்றினார்கள், மரமும் காப்பும் பழையதேதான்.

திருகாணிக்கு மரை அளக்கும் கேஜை வைத்துப் பாருங்கள். மரையின் கோணம் 55 டிகிரி என்றால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை அளவு வகையாக இருக்கலாம். அச்சு அசலாக மெட்ரிக் அளவில் உட்கார்ந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், இத்தாலியில் இப்போது செய்யும் நகல் துப்பாக்கியின் உதிரியாக இருந்தாலும் இருக்கும்.

வளையத்தின் உள் அகலம், உயரம், காப்பின் திருகாணித் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், இவற்றை வெர்னியரால் அளந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு அனுப்புங்கள். உள்பக்கப் படமும் வேண்டும்.