மாதாந்திர விருந்தும் குறையாத கார்டு பாக்கியும்

கேள்வி: குரோம்பேட்டையில் வசிக்கிறோம். ஓராண்டுக்கு மேலாக, மாதத்தின் முதல் ஞாயிறு இரவு என் கணவர் வழி உறவினர்கள் 18 பேர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்கள். பெரிய மாமனாரின் விருப்பப்படி பக்கெட் பிரியாணி, இறால் வறுவல், ஐஸ்கிரீம் என எல்லாமே கடையிலிருந்து வருவதால் ஒருமுறைக்கு ரூ.14,000 ஆகிறது. மீதமாவதையும் அவர்களுக்கே பார்சல் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். கிரெடிட் கார்டு பாக்கி ரூ.1,40,000. மாதம் ரூ.7,000 தவறாமல் கட்டியும் அது குறையவில்லை. ஒரே துறையின் பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு துறைசார் ஃபண்டில் மாதம் ரூ.5,000 எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) போடுகிறோம். கார்டின் வரம்பை உயர்த்திக்கொள்ளும்படி வங்கியில் சொல்கிறார்கள். உயர்த்தலாமா?

பதில்: உயர்த்த வேண்டாம். உறவினர்களை அழைத்துச் சாப்பாடு போடுவதில் தவறே இல்லை. அந்தச் செலவைக் கார்டில் போட்டுவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவரும் வழக்கம்தான் உங்கள் குடும்பத்தை அரிக்கிறது. பல கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் பாக்கிக்கு வட்டி ரூ.4,900, அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.882. நீங்கள் கட்டும் ரூ.7,000-இல் அசலுக்குப் போவது சுமார் ரூ.1,200 மட்டுமே, அதே மாதம் புதிதாக ரூ.14,000 ஏறிவிடுகிறது. பாக்கி நிற்கும் வரை வட்டியில்லாச் சலுகை நாட்களும் கிடைக்காது என்பதால், ஞாயிறு இரவு வாங்கிய பிரியாணிக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

ஆண்டுக்கு 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டே துறைசார் ஃபண்டில் பணம் போடுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இன்று எல்லோரும் பேசுகிறார்கள் என்பதற்காக அது நாளை இந்த வட்டியைத் தாண்டி ஈட்டித் தரும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. அதை உடனே நிறுத்திவையுங்கள். வீட்டில் நகை இருந்தால், மாதாமாதம் அசலையும் சேர்த்துக் கட்டும் வசதியுள்ள நகைக்கடனை வங்கியில் வாங்கிக் கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் முதல் மாத வட்டி ஏறத்தாழ ரூ.1,170. இப்போது கட்டும் ரூ.7,000-உம் எஸ்.ஐ.பி.யின் ரூ.5,000-உம் சேர்ந்த ரூ.12,000-இல் ரூ.7,500-ஐக் கடனுக்கு ஒதுக்கினால் சுமார் இருபத்தொரு மாதங்களில் அது முடிந்துவிடும்.

மீதமுள்ள ரூ.4,500-க்குள் விருந்து நடக்க வேண்டும், கட்டாயம் நடக்கும். இரண்டரைக் கிலோ சீரகச் சம்பா அரிசி, மூன்று கிலோ கோழி, வெங்காயம், தக்காளி, நெய், தயிர்ப் பச்சடி, கத்திரிக்காய்த் தொக்கு, முட்டை என எல்லாம் சேர்த்தாலும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். மசாலாவை முந்தின நாளே அரைத்துவைத்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் தம் போட்டுவிட்டால், எட்டு மணிக்கு நீங்களும் அவர்களுடன் உட்கார்ந்து சாப்பிடலாம். பாயசத்தை நாத்தனாரிடமும் பழங்களை இளைய மைத்துனரிடமும் ஒப்படையுங்கள். பெரிய பாத்திரங்களை வாங்க வேண்டாம். வாடகைப் பாத்திரக் கடையில் ஒரு நாளைக்கு எடுத்தால் போதும்.

பெரிய மாமனாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர்தான். இனி வீட்டுச் சமையல்தான் என்றும், ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டில் என முறைவைத்துக்கொள்வோம் என்றும் அவர் நேரில் பணிவாகச் சொல்லட்டும். கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெரிய மாமனார் பிடிவாதமாக நின்றால், அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கார்டைத் தீர்க்கும்போது பில்லில் உள்ள தொகையை மட்டும் கட்டிவிட்டு வராதீர்கள். கட்டும் நாள் வரையிலான வட்டியையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். இல்லையென்றால் அந்த மிச்ச வட்டி அடுத்த பில்லில் வந்து நிற்கும்.