வெயில் நல்லா விழுற தோட்டத்துல உயரமா தண்டு விட்டுப் பூக்குற செடி எது வைக்கலாம்?

கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான்: வீட்டு முன்னாடி காலி இடம், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில், இன்ஸ்டால பாக்குற டெல்பினியம், ஃபாக்ஸ்குளோவ், லூப்பின் மாதிரி கோபுரமா நின்னு பூக்குற செடி வேணும், வருஷா வருஷம் புதுசா நட்டுக்கிட்டே இருக்கக்கூடாது, நம்ம சமவெளில வருமா?

அந்த மூணும் வராதுங்க. வாங்கி காசை கரியாக்காதீங்க. நான் ஈரோடு பக்கம் இருக்கேன், இங்க ராத்திரில கூட செவுத்த தொட்டா சூடு இருக்கும், அந்த செடிங்களுக்கு ராத்திரி குளிர் வேணும். ஃபாக்ஸ்குளோவ் முதல் வருஷம் வெறும் இலையா இருந்து ஒரு குளிர்காலத்த தாண்டினாத்தான் அடுத்த வருஷம் பூவே விடும், அப்புறம் அனேகமா செத்துரும், அதனால வருஷா வருஷம் வர்ற செடின்னும் அத சொல்ல முடியாது. போதாததுக்கு செடி முழுக்க விஷம், டிகாக்ஸின்னு இதயத்துக்கு குடுக்குற மாத்திரையே அந்த இனத்துல இருந்து எடுத்ததுதான். குழந்தைங்க இருக்குற வீட்டுக்கு எதுக்குங்க அது. ஊட்டி, கொடைக்கானல்ல வீடு இருந்தா டெல்பினியம் வைங்க, பேஷா வரும். கீழ இருக்குற நமக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், நிலச்சம்பங்கி.

மாலைக்கடைல தினம் பாக்குறதுதானேன்னு சப்புனு ஆயிருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கடைல பாக்குறது உதிரிப்பூ, அத செடியில பாக்குறது வேற. கீழ புல்லு மாதிரி இலைக்கொத்து, நடுவுல இருந்து மூணடிக்கு ஒரு தண்டு, அதுல முப்பது நாப்பது மொட்டு ஜோடி ஜோடியா ஒட்டிக்கிட்டு, அடியில இருக்குற ஜோடி முதல்ல விரிஞ்சு தினம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். இருவது முப்பது தண்டு ஒண்ணா நிக்கிறப்ப இன்ஸ்டால பாக்குற இங்கிலீஷ் தோட்டத்துக்கு ஒண்ணும் கொறைஞ்சது இல்ல, அதுங்களுக்கு இந்த வாசனை வேற கெடையாது.

(சம்பங்கின்னதும் செண்பக மரத்த நினைச்சுக்காதீங்க, கொடிச்சம்பங்கியும் வேற. நர்சரில "கிழங்கு சம்பங்கி"ன்னு கேட்டா சரியா குடுப்பாங்க.)

இப்ப என் கதைக்கு வர்றேன், ஏன்னா நீங்களும் இதே தப்பதான் பண்ணுவீங்க. 2020ல லாக்டவுன்ல எல்லாரும் மாதிரி எனக்கும் தோட்டப் பைத்தியம் புடிச்சுது, ஒரு நர்சரில ஃபர்ஸ்ட் குவாலிட்டின்னு சொல்லி 50 கிழங்கு வாங்கினேன், ஒவ்வொண்ணும் சின்ன வெங்காயம் அளவுதான் இருந்துச்சு, அப்ப எனக்கு தெரியல. அத கொண்டுவந்து முருங்கை மரத்துக்கு கிழக்கால நட்டேன், மத்தியானத்துக்கு மேல நெழலு. மொளைச்சு வந்துச்சு, சந்தோஷத்துல மாசம் ஒரு கை யூரியா. இலை வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு பச்சை, முழங்கால் உயரத்துக்கு தளதளன்னு. 14 மாசம். ஒரு தண்டு கூட வரல.

சத்தியமங்கலம் பக்கத்துல எங்க அம்மாவோட தம்பி, மாமா, ஒன்றரை ஏக்கர்ல சம்பங்கி போட்டிருக்காரு. விசேஷத்துக்கு வந்தவரு பாத்துட்டு, "என்றா மாப்ள, மாட்டுக்கு புல்லு வளக்கறயா?"ன்னாரு. எல்லார் முன்னாடியும். அப்புறம் குனிஞ்சு ஒரு கொத்த புடிச்சு மண்ணோட புடுங்கி என் கையில குடுத்தாரு, பாத்தா ஒரு கிழங்கு நட்ட எடத்துல பதினஞ்சு இருவது பொடிக்கிழங்கு பூண்டுப்பல்லு மாதிரி நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கு, ஒண்ணாவது பெருசாகல. "இதுக எல்லாம் இன்னும் கொழந்தைக, வெயிலும் இல்லாம எடமும் இல்லாம எங்கிருந்து பூக்கும்?"னு கேட்டாரு.

அன்னிக்கு அவரு சொன்னதுதான் சம்பங்கில மொத்த விஷயமும்: ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவதான் பூக்கும். பூத்த கிழங்கு அதோட முடிஞ்சுது, அதுக்கு பக்கத்துல வர்ற பக்கக்கிழங்குகதான் பெருசாகி அடுத்தடுத்து பூக்கும். நமக்கு பாக்குறப்ப ஒரே செடி ரெண்டு மூணு வருஷம் பூக்குற மாதிரி தெரியும், உண்மையில அது ஒரு குடும்பம். ரயில் பாதை ஓரமா ஆனைக்கத்தாழை பாத்திருப்பீங்கல்ல, வருஷக்கணக்கா முள்ளும் மடலுமா சும்மா கெடந்துட்டு திடீர்னு கரண்டு கம்பம் மாதிரி ஒரு தண்டு விட்டு பூத்துட்டு செத்துப்போகும், அடியில குட்டிங்க மட்டும் நிக்கும். சம்பங்கி அதுக்கு நெருங்கின சொந்தம். முன்னாடி பாலியாந்தஸ் டியூபரோசான்னு படிச்சிருப்போம், 2017ல அந்த பேர மாத்தி கத்தாழை இனத்துலயே சேத்து அகேவ் அமிகான்னு ஆக்கிட்டாங்க. மாமாவுக்கு இந்த பேரெல்லாம் தெரியாது, ஆனா விஷயம் தெரியும்.

அதனால கிழங்கு வாங்குறப்ப அளவுதான் முக்கியம். பெரிய நெல்லிக்கா அளவு, 25ல இருந்து 35 கிராம் இருக்கணும். அதுக்கு கொறைஞ்சது நட்டா செடி சாகாது, ஆனா முதல்ல அது பெருசாகவே மாசக்கணக்கா ஆகும், நீங்க பொறுமை போய் யூரியா போடுவீங்க, நான் போட்ட மாதிரி. இன்னொண்ணு, தோண்டின உடனே நடக்கூடாது, ஒரு மாசம் நெழல்ல ஆறப்போட்டு நடணும். வாங்குற எடத்துல எப்ப தோண்டினதுன்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா வேற எடம் பாருங்க.

ரகம்னு பாத்தா ஒத்தை அடுக்கு, ரெட்டை அடுக்குன்னு ரெண்டு வகை. மாலைக்கு போறது ஒத்தை, வாசனை அதுலதான் தூக்கலா இருக்கும். எங்கிட்ட இருக்குறது பிரஜ்வல், பெங்களூரு ஹெசரகட்டால இருக்குற இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துல உண்டாக்கினது, மொட்டு நுனியில லேசா ரோஸ் அடிக்கும், விரிஞ்சா சுத்த வெள்ளை. ரெட்டை அடுக்குல சுவாசினி, வைபவ்னு இருக்கு, பொக்கேக்கு அழகு, ஆனா தண்டு மேல கனம் ஜாஸ்தி, மழை பெஞ்சா பூவெல்லாம் தண்ணிய குடிச்சுக்கிட்டு தலை தொங்கும். முதல் தடவைன்னா ஒத்தையே வைங்க.

மறு வருஷம் ஆனி மாசம் மாமா தோட்டத்துல இருந்து 40 கிழங்கு வந்துச்சு, இந்த தடவ தெக்கால செவுத்தோரம், முழு வெயில். மண்ண ஒரு அடிக்கு கொத்தி, மக்குன தொழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து, பார் அணைச்சு, அதாவது வரிசையா மேடு கட்டி, அதுல நட்டேன். ஏன் பார்னா கிழங்குக்கு அடியில தண்ணி நின்னா அழுகிரும், நம்ம களிமண்ணுல பாத்தி கட்டி நட்டா ஐப்பசி மழைல மொத்தமும் போயிரும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்கு செடி ஒரு சாண் விட்டா போதும். ஆழம் ரொம்ப போகாதீங்க, கிழங்குக்கு மேல ஒரு இஞ்ச் மண்ணு. கூர்ப்பக்கம் மேல பாத்து இருக்கணும், இத ஏன் சொல்றேன்னா எங்க வீட்டுல பொடியன் நட்ட நாலு தலைகீழா இருந்துச்சு. தண்ணி வாரத்துக்கு ஒரு தடவ நல்லா விட்டா போதும், வெயில்காலத்துல ரெண்டு தடவ. வெயில் மட்டும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு கொறையக்கூடாது.

மூணரை மாசத்துல முதல் தண்டு. அத நான் கவனிக்கவே இல்ல, இலைக்கொத்துக்கு நடுவுல இன்னொரு இலைன்னு நினைச்சேன், தொட்டு பாத்தா உருண்டையா கெட்டியா இருக்கு. அப்புறம் ஒவ்வொரு நாளும் காலைல போய் பாக்குறதுதான் வேலை. மொட்டு முதல்ல பச்சையா தண்டோட ஒட்டி நிக்கும், பெருக்க பெருக்க வெளிப்பக்கமா சாஞ்சு வெளுத்து, விரியறதுக்கு முந்தின நாள் மெழுகுல செஞ்ச மாதிரி வளைஞ்சு தொங்கும். சாயங்காலம் ஆறரைக்கு மேல வாசனை கெளம்பும் பாருங்க, பகல்ல மூக்க வச்சு மோந்தாதான் தெரியுற பூ ராத்திரில தெரு முனை வரைக்கும் போகும். வெள்ளைப் பூ, நீள குழாய், ராத்திரி வாசனை, எல்லாமே அந்துப்பூச்சிக்காக இருக்குற ஏற்பாடு. ஒரு நாள் டார்ச் அடிச்சு பாத்தேன், கட்டைவிரல் தண்டி ஒரு பூச்சி, உக்காரவே இல்ல, தேன்சிட்டு மாதிரி அந்தரத்துல நின்னுக்கிட்டே நீளமா நாக்க விட்டு உறிஞ்சுது.

வாசனைக்கு பாம்பு வரும்னு சொல்லுவாங்க, எங்க அம்முச்சியே சொல்லும். பாம்பு வர்றது எலிக்கும் தவளைக்கும்தாங்க, செடிக்கு அடியில சருகும் பொதருமா விட்டு வச்சா எந்த செடி வச்சாலும் வரும். காஞ்ச இலைய மாசம் ஒரு தடவ அறுத்து எடுத்துருங்க. எதிர்வீட்டு அக்கா இன்னொண்ணு சொன்னாங்க, சாவுக்கு போடுற பூவ யாராச்சும் வாசல்ல வைப்பாங்களான்னு. கல்யாணத்துக்கும் இதே பூதானேங்க்கான்னேன். யோசிச்சு பாத்தா நம்ம மாலைல சம்பங்கி மெக்ஸிகோ, செண்டுமல்லி மெக்ஸிகோ, நடுவுல வைக்கிற சாமந்தி சீனா. தக்காளியும் மிளகாயும் வந்த மாதிரி எல்லாம் கடல் தாண்டி வந்து நம்ம ஊர் ஆனதுக. இதுல எங்கிருந்து வந்துச்சு சாஸ்திரம்.

சரி, தொந்தரவு என்னென்னன்னு சொல்றேன். ஆடிக்காத்து, முதல்ல அதுதான். எங்க பக்கம் பாலக்காட்டு கணவாய்ல இருந்து வர்ற காத்து மூணடி தண்ட சும்மா விடாது, செடிக்கு ஒரு மூங்கில் சிம்பு நட்டு வாழை நார்ல தளர்ச்சியா கட்டி விடுங்க, பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், அறுத்துரும். அடுத்தது தண்டு அழுகல். ஒரு நாள் இலை வெளுத்து சாயும், அடிய நோண்டி பாத்தா மண்ணு மட்டத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி படர்ந்து அதுல கடுகு கடுகா பழுப்பு உருண்டை இருக்கும், அது பூஞ்சாணம், அந்த கடுகுதான் அதோட விதை மாதிரி, அதனால அந்த செடியையும் சுத்தி இருக்குற ஒரு கூடை மண்ணையும் அள்ளி தூரமா போட்டுருங்க, உரக்குழியில போடாதீங்க. நான் போட்டேன், அடுத்த வருஷம் தக்காளி பாத்தி முழுக்க வந்துச்சு. இப்ப நடுறப்பவே தொழு உரத்துல டிரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சாணத்த கலந்துக்குறேன். அப்புறம் நூற்புழு, செடி வளராம மஞ்சளா நின்னா வேர எடுத்து பாருங்க, முடிச்சு முடிச்சா இருக்கும். வரிசைக்கு நடுவுல செண்டுமல்லி வச்சா கொஞ்சம் அடங்கும், முன்வரிசைக்கும் ஆச்சு, வெள்ளைத் தண்டுக்கு கீழ ஆரஞ்சு கலர் நல்லாவும் இருக்கும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் கரைசல் போதும்.

பூ பறிக்கிறத பத்தி ஒண்ணு. மாமா தோட்டத்துல நடுராத்திரி தாண்டினதும் நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு எறங்குவாங்க, விரியறதுக்கு முன்னாடி மொட்டா பறிச்சு சத்தி பூ மார்க்கெட்டுக்கு கொண்டு போகணும், முகூர்த்த நாள்ல ஒரு விலை, ஆடில பறிகூலிக்கே கட்டாத விலை. நமக்கு அந்த தலைவலி இல்ல. அடியில ரெண்டு ஜோடி விரிஞ்சதும் தண்ட அறுத்து சொம்புல தண்ணி ஊத்தி வச்சா ஒரு வாரம் மேல மேல விரியும், தினம் தண்ணி மாத்தி அடிய கொஞ்சம் வெட்டி விடணும். அறுக்குறப்ப இலைய சேத்து அறுத்துராதீங்க, பக்கக்கிழங்குக்கு சோறு போடுறது அந்த இலைதான்.

வருஷா வருஷம் நடக்கூடாதுன்னு கேட்டீங்கல்ல, ரெண்டரை மூணு வருஷம் தொடவே வேண்டாம். அதுக்கு மேல கிழங்கு நெருக்கி பூ சிறுத்துரும், தண்டும் கட்டையாகும். தண்ணிய நிறுத்தி இலை மஞ்சளானதும் கடப்பாரைய தள்ளி குத்தி கொத்தோட நெம்பி எடுங்க. எனக்கு 40 நட்ட எடத்துல ஒரு பெரிய சாக்கு கிழங்கு கிடைச்சுது, திண்ணைல கொட்டி வெங்காயம் தரம் பிரிக்கிற மாதிரி பிரிச்சோம், நெல்லிக்கா அளவு தனியா, பொடிசு தனியா. பொடிச வீசாதீங்க, ஒரு மூலைல ஒதுக்கி நட்டு வைங்க, அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

சம்பங்கி மட்டும் வெள்ளையா இருக்கேன்னு தோணினா கலருக்கு நீல சால்வியாவும் ஆஞ்சலோனியாவும் முன்னாடி வைங்க, ரெண்டும் குட்டையா கதிர் விட்டு பூக்கும், வெயில் தாங்கும். கல்வாழையும் வருஷக்கணக்கா நிக்கும், ஆனா அது எடத்த புடிச்சுக்கும், சம்பங்கிக்கு நெழலு கட்டிரும், அதனால வடக்கால ஓரமா. ஹாலிஹாக்னு உயரமா தண்டு விட்டு பூக்குற செடி மேல ஆசைன்னா கார்த்திகைல விதை போட்டு ஒரு சீசன் பாத்துக்கலாம், கோடைய தாண்டாது. கிளாடியோலஸ் நான் ரெண்டு தடவ வச்சு ரெண்டு தடவயும் தோத்தேன்.

மாடியில வைக்கலாமான்னு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு. தாராளமா. ஒரு அடி அகலம் ஒரு அடி ஆழம் இருக்குற பையில மூணு கிழங்கு, மண்ணோட சரிபாதி மண்புழு உரமும் தேங்காநார் கழிவும், அடியில ஓட்டை அடைக்காம பாத்துக்கோங்க. தரையில இருக்குறதவிட தண்ணி சீக்கிரம் காயும், விரல விட்டு பாத்து ஊத்துங்க. காத்து அங்க இன்னும் ஜாஸ்தி, பைய கைப்பிடிச் செவுத்துக்கு உள்பக்கமா ஒட்டி வச்சு தண்ட கம்பில கட்டிருங்க, என்னோட ரெண்டு பை போன ஆடில கீழ் வீட்டு ஷீட் மேல விழுந்து அந்த ஷீட்டுக்கு நான் காசு குடுத்தேன்.