பாட்டியின் சுருதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சேம்பர் ஓபரா, அதாவது சிறிய அளவிலான இசை நாடகம், எழுதுகிறோம். பாட்டி, மகன், பேத்தி என மூன்று குரல்கள், ஐந்து வாத்தியங்கள். குடும்பத்தின் கடிகாரப் பட்டறையை ஏற்று நடத்தினால்தான் பேத்திக்கு வீடு என்று பாட்டி உயில் எழுதிவிட்டுப் போகிறாள். பேத்தி மறுக்கிறாள். கடைசிக் காட்சியில் ‘இதுதான் நான்’ என்று பாடுகிறாள். சொத்துப் பிரச்சினை ஓபராவுக்கு ரொம்பச் சின்னது, ஐந்து வாத்தியம் போதாது என்கிறார் எங்களில் ஒருவர். பிரதியை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இரண்டு தடவை படித்தேன். நண்பரின் கவலை தேவையில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘ஜானி ஸ்கீக்கி’ ஓபரா (1918) முழுக்க ஒரு உயிலைச் சுற்றித்தான் நடக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் லாரா காமின்ஸ்கியின் ‘ஆஸ் ஒன்’ (2014) நாலே நாலு தந்தி வாத்தியங்களோடு ஒரு திருநங்கையின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது. ஹன்னா என்ற ஒரே ஆளை பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) ஒருவரும் மெஸ்ஸோ (நடுத்தரப் பெண் குரல்) ஒருவரும் சேர்ந்து பாடுகிறார்கள்.

என் கவலை உங்கள் கடைசிப் பாட்டைப் பற்றியது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தொலைக்காட்சிக்காக எழுதி 1971இல் ஒளிபரப்பான ‘ஓவன் விங்க்ரேவ்’ ஓபராவைக் கேட்டிருக்கிறீர்களா? ராணுவக் குடும்பத்துப் பையன் படையில் சேர மாட்டேன் என்கிறான். தாத்தா சொத்தில்லை என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் அவன் மூதாதையர் படங்களுக்கு முன்னால் தனியாக நின்று, அமைதியில்தான் தன்னைக் கண்டதாகப் பாடுகிறான். பிரிட்டன் அங்கே திரையை இறக்கவில்லை. அதே இரவில் அந்த வீட்டின் பேய் அறையில் பையன் செத்துக் கிடக்கிறான். தன்னை ஏற்றுக்கொண்டவனை வீடு சும்மா விடவில்லை. உங்கள் பேத்தியை மட்டும் அந்த வீடு எப்படி இவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறது?

விடை உங்கள் பிரதியிலேயே இருக்கிறது. இரண்டாம் காட்சியில் பாட்டி கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தபடி ஒரு மெட்டை முணுமுணுக்கிறாள், சிறுமி கூடவே முணுமுணுக்கிறாள். நாலாம் காட்சியில் காலியான பட்டறையில் பேத்தி ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது அதே மெட்டு அவளை அறியாமல் வருகிறது. இதை அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், தொண்டையில் உட்கார்ந்திருப்பதை என்ன செய்வது?

பாட்டி மெஸ்ஸோ, பேத்தி சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அதையே பயன்படுத்துங்கள். இரண்டாம் காட்சியில் சிறுமி பாட்டியின் சுருதியிலேயே பாடட்டும். சோப்ரானோவுக்குக் கீழ் ஸ்வரங்களில் குரல் மெலிந்துபோகும், காற்றுதான் அதிகம் வரும். அந்தச் சிரமம் கேட்கிறவர்களுக்குத் தெரியட்டும். நாலாம் காட்சியில் முதலில் அதே சுருதியில் தொடங்கி, திணறி, நிறுத்தி, தனக்கு வசதியான உயரத்தில் மறுபடி எடுக்கட்டும். மெட்டு பாட்டியுடையது, உயரம் இவளுடையது. அதற்குப் பிறகு ‘இதுதான் நான்’ என்று வார்த்தையில் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. உயில் வாசகத்தை மகன் வாத்தியமே இல்லாமல் ஒரே ஸ்வரத்தில் படிக்கலாம். இப்போது அங்கே செல்லோ (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம்) தேவைக்கு மேல் அழுகிறது.

முதலில் நாலாம் காட்சியை மட்டும் யாரையாவது பாடவைத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு அடுத்த வரைவை அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.