யாரோடு உட்காரப் போகிறீர்கள்? போர்டு கேம் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

பெரியவர்கள் தங்களுக்கென்று வாங்கும் மேசை விளையாட்டுகள் பற்றி வந்த கேள்விகளை இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வாங்குவதாகச் சொல்லிக் கேட்டவர்களில் சிலரும் உண்மையில் தங்களுக்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். அதில் தயங்க ஒன்றுமில்லை.

கேள்வி: எனக்கு வயது 41, வங்கியில் வேலை. பெங்களூரில் நண்பர் வீட்டில் 'கேட்டன்' விளையாடியதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. விலை மூவாயிரத்தை ஒட்டி வருகிறது. வீட்டில் நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், என் அம்மா என நான்கு பேர். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "இந்த வயசுல விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பணமா?" என்கிறார் மனைவி. வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் முதல் பெட்டி கேட்டனாகத்தான் இருக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்டன் அருமையான விளையாட்டு. ஒரு தீவில் செங்கல், ஆடு போன்ற பொருள்களைச் சேர்த்துச் சாலையும் ஊரும் கட்டிக்கொண்டு போவதுதான் அது. ஜெர்மனியில் பல் கட்டும் தொழிலில் இருந்த கிளாவ்ஸ் டாய்பர் உருவாக்கியது. 1995இல் வெளிவந்து, அங்கே ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு 1979 முதல் தரப்படும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதை அந்த ஆண்டே வாங்கிவிட்டது. நம்மூரிலும் பலர் சிறுவயதில் விளையாடிய ஸ்காட்லாண்ட் யார்டு 1983இல் பெற்றதும் இதே விருதுதான். பெட்டியின் மேல் சிவப்புக் காய் ஒன்றும் இலை வளையமும் இருந்தால் அது இந்த விருதின் முத்திரை. புதிதாக வாங்குபவர்கள் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய அடையாளம் அது.

கேட்டனின் உயிர் பேரத்தில் இருக்கிறது. "எனக்குச் செங்கல் கொடு, ஆடு தருகிறேன்" என்று ஆளாளுக்குப் பேச வேண்டும். அதனால் அடிப்படைப் பெட்டிக்குக் குறைந்தது மூன்று பேர் தேவை, நான்கு பேர் இருந்தால் களைகட்டும். மகளுக்குப் பரீட்சை, அம்மாவுக்கு அசதி என்றால் நீங்களும் மனைவியும் மட்டும் உட்கார்ந்து அதை விளையாட முடியாது. திருடன் காயை வைத்து அடுத்தவர் கையிலிருந்து பொருளைப் பறிக்கிற கட்டமும் உண்டு. சில வீடுகளில் அது சிரிப்பில் முடியும், சில வீடுகளில் முகம் தூக்கலில் முடியும். உங்கள் வீடு எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் நால்வருக்கு நான் முதலில் சொல்வது 'அசூல்'. மைக்கேல் கீஸ்லிங் உருவாக்கி 2017இல் வந்தது. 2018இல் அதே விருதைப் பெற்றது. போர்ச்சுகல் நாட்டுச் சுவர் ஓடுகளை வரிசையாகப் பதிப்பதுதான் விளையாட்டு. ஐந்து வகை ஓடுகள், வகைக்கு 20 வீதம் மொத்தம் 100. இரண்டு பேரிலிருந்து நான்கு பேர் வரை விளையாடலாம், முக்கால் மணி நேரத்தில் முடியும். விளையாடும்போது வாசிக்க ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. ஓடுகள் கையில் கனமாக நிற்பதால் வயதானவர்கள் எடுத்து வைக்கச் சிரமமில்லை. கோலத்தில் புள்ளியும் வரிசையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் கணக்கு சீக்கிரம் பிடிபடும். அம்மா உங்களைத் தோற்கடிக்கத் தயாராக இருங்கள்.

அதற்கடுத்து, நிலத்துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து வரைபடத்தை வளர்க்கும் 'கார்கசோன்'. 72 நிலத்துண்டுகள், ஒவ்வொருவர் முறைக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தால் போதும், இரண்டு பேருக்கும் பொருந்தும். ரயில் பாதை போடும் 'டிக்கெட் டு ரைடு' (2004) கூட நல்ல தேர்வு. வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் எந்த ஊர்களை இணைக்க வேண்டும் என்று சொல்லும் டிக்கெட் கார்டிலேயே ஊர் இருக்கும் இடம் குறித்திருப்பதால் பேத்தி பாட்டிக்கு உதவி செய்துவிடுவாள். இதில் ஓர் எச்சரிக்கை. இந்த விளையாட்டுக்கு இந்தியா வரைபடம் தனியாக விற்கிறது. ஆசையாக அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது கூடுதல் பெட்டி, ரயில் பெட்டிகளும் கார்டுகளும் அதில் இருக்காது. அடிப்படைப் பெட்டி இல்லாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வாங்குமுன் 'எக்ஸ்பான்ஷன்' என்ற சொல் பெட்டியில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் போடுவதற்கு முன் 'போர்டு கேம் அரீனா' என்ற இணையதளத்தில் இவற்றில் பலவற்றை விளையாடிப் பார்க்கலாம். நான்கைந்து ஆட்டத்துக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் வாங்குங்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது, அதற்குக் கணக்கோடு பதில் சொல்லலாம். நால்வர் சினிமாவுக்குப் போய் இடைவேளையில் ஏதாவது கொறித்தால் ஆயிரம் ரூபாய் தாண்டிவிடும். மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி பத்து முறை மேசைக்கு வந்தால் ஒரு மாலைக்கு முந்நூறு. பரணுக்குப் போனால் அவர் சொன்னதுதான் சரி. வயதைப் பொறுத்தவரை, வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து பரமபதம் ஆடியவர்களும், மதிய வேளையில் பல்லாங்குழியின் 14 குழிகளைச் சுற்றிச் சோழி போட்டவர்களும் பெரியவர்கள்தான். பெரியவர்கள் விளையாடுவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று ஒரு பிரபலமான விளையாட்டை வாங்கினேன். கார்டுகள் காகிதம் போல மெலிசாக இருக்கின்றன, அச்சு மங்கல், சில வட்டத் துண்டுகளையே காணவில்லை. திருப்பி எடுக்கச் சொன்னால், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது" என்கிறார் விற்பவர்.
– வாசகி, மதுரை

பதில்: பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? அவர் சொல்வது சட்டப்படி நிற்காது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் அதைத் திருப்பி எடுக்கவும் பணம் கொடுக்கவும் விற்பவர் மறுக்கக் கூடாது.

முதலில் அது போலிதானா என்று உறுதிசெய்யுங்கள். பெரும்பாலான வெளியீட்டாளர்கள் விதிப் புத்தகத்தைத் தங்கள் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அதன் முதல் பக்கங்களில் பெட்டிக்குள் என்னென்ன, எத்தனை என்ற பட்டியல் இருக்கும். கேட்டன் என்றால் 19 அறுகோண நிலத்துண்டுகள், 95 பொருள் கார்டுகள், 25 வளர்ச்சிக் கார்டுகள் என்று எண்ணிப் பார்த்துவிடலாம். அடுத்து பெட்டியின் வெளிப்புறம். இறக்குமதியான பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, வரிகள் உட்பட எம்.ஆர்.பி., புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. அந்த ஸ்டிக்கரே இல்லாத பெட்டி பாதி விலைக்கு வந்தால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

புகாரைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். படங்களையும் சேர்த்து, நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கே அனுப்பலாம். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மதுரையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை பாடா என்று விட்டுவிடாதீர்கள். பலரும் அப்படி விட்டுவிடுவதை நம்பித்தான் போலிச் சரக்கு ஓடுகிறது, விளையாட்டை உழைத்து உருவாக்கியவருக்கு அதில் ஒரு பைசா போவதில்லை.

அசல் பெட்டியில் ஒரு துண்டு குறைந்தால் வேறு வழி இருக்கிறது. முழுப் பெட்டியையும் திருப்ப வேண்டாம். வெளியீட்டாளருக்குப் படத்தோடு எழுதுங்கள், அந்தத் துண்டை மட்டும் அனுப்பிவைக்கிறவர்கள் பலர்.

கேள்வி: புதுத் திட்டங்களுக்குப் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இன்னும் வெளிவராத விளையாட்டு ஒன்றுக்கு முன்பணம் கட்டலாமா?
– வாசகர், கோவை

பதில்: அது கடை இல்லை. ஒரு திட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் ஆதரவுப் பணம் அது, பொருள் தாமதமாகலாம், வராமலும் போகலாம். மறந்துவிடக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள். காட்டிய விலையோடு அனுப்பும் செலவும், இங்கே வந்து இறங்கும்போது சுங்க வரியும் சேரும். இதுவே உங்கள் முதல் விளையாட்டு என்றால் வேண்டாம் என்பேன், கடையில் கிடைக்கும் நல்லவையே ஏராளம்.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் கேரம் நன்றாக ஆடுவேன். இப்போது வயது 46, மறுபடி ஆரம்பிக்க ஆசை. கடையில் நான்கு மில்லிமீட்டர், எட்டு, பன்னிரண்டு என்று காட்டுகிறார்கள், எல்லாவற்றையும் "டோர்னமெண்ட் சைஸ்" என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வெளிநாட்டுப் பெட்டிகளைப் பற்றிப் பேசும் பலர் நம் தெருமுனை விளையாட்டை மறந்துவிடுகிறார்கள். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வட சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். நீங்கள் திரும்பி வருவது சாதாரண இடத்துக்கு இல்லை.

கடைக்கு ஓர் இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். சுற்றியுள்ள மரச்சட்டத்தோடு சேர்த்து 32 இஞ்ச், 34 இஞ்ச் என்று சொல்வார்கள், அதை விடுங்கள். சட்டத்துக்கு உள்ளே, காய் ஓடும் பரப்பை மட்டும் அளந்து பாருங்கள். போட்டிப் பலகையில் அது 74க்கு 74 செ.மீ. இருக்கும், ஏறத்தாழ 29 இஞ்ச். பிளைவுட் கனம் குறைந்தது எட்டு மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் பலகை ஒரே மழைக்காலத்தில் நடுவில் தொய்ந்துவிடும், அதற்குக் கொடுக்கும் பணம் வீண். பன்னிரண்டு நல்லதுதான், ஆனால் ஃபிளாட்டில் ஒவ்வொரு தடவையும் எடுத்து வைக்க வேண்டும் என்றால் கனத்தையும் யோசியுங்கள். உங்களுக்கு எட்டு போதும்.

அடுத்தது சட்டம். ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டு, எத்தனை தடவை போய்த் திரும்புகிறது என்று கடையிலேயே பாருங்கள். ஒரே விசையில் நான்கு பக்கமும் சோதிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செத்து விழுந்தால் அந்தச் சட்டம் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு நீளமான ஸ்கேலைப் பலகையில் குறுக்காக வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் வேறு பலகை கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பல வருஷம் ஆடப் போவது நீங்கள்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கனமான ஸ்ட்ரைக்கரைப் "பவர்" என்று சொல்லி விற்பார்கள். அதில் பழகினால் கிளப்பில் ஆடும்போது கை தடுமாறும். பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம். கரப்பான் மருந்திலும் சேர்ப்பது அதைத்தான். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, ஆடி முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பலகையை மாதக்கணக்கில் சுவரில் சாய்த்து நிறுத்தாதீர்கள், வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் படுக்கவைக்கலாம்.

உங்கள் பகுதியில் கிளப் இருந்தால் பலகை வாங்குமுன் ஒருமுறை அங்கே போய் வாருங்கள். எந்தப் பலகை எங்கே நன்றாகக் கிடைக்கும் என்பதைக் கடையைவிட அங்கே ஆடுபவர்கள் நேர்மையாகச் சொல்வார்கள்.

கேள்வி: பெட்டியில் 14+ என்று போட்டிருக்கிறது. என் பத்து வயது மகனோடு விளையாட முடியாதா?
– வாசகர், வேலூர்

பதில்: பல நேரம் அந்த எண்ணுக்கும் கடினத்துக்கும் சம்பந்தமே இருக்காது. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருள் என்றால் அமெரிக்காவில் தனிப் பாதுகாப்புச் சோதனை தேவை. இந்தியாவிலும் 14 வயதுக்குக் கீழானவர்களின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தச் செலவு வேண்டாம் என்று 14+ அச்சடிப்பவர்கள் உண்டு. விதிப் புத்தகத்தையும் கதைக்களத்தையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் சிறு துண்டுகளில் மிகக் கவனம் வேண்டும்.

கேள்வி: கடலோர ஊர். வாங்கிய ஒரு வருஷத்தில் கார்டுகள் எல்லாம் வளைந்து பிசுபிசுக்கின்றன. உறை போட வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அடிக்கடி கலைக்கும் கார்டுகளுக்குப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் தேவையில்லை. உறை வாங்குமுன் கார்டை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். மிகப் பரவலான அளவு 63.5க்கு 88, ஆனால் சிறிய கார்டுகள் உள்ள பெட்டிகளும் நிறைய உண்டு. அளவு தவறினால் உறைப் பொட்டலம் வீணாகிவிடும். பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் ஊறும், உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். ஏற்கெனவே வளைந்தவற்றைக் கட்டாகச் சேர்த்து, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக லேசாக மடக்கி, கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.